அம்மாவின் 62 சென்ட்

ஒரு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. காரணம் ஒரு மோதிரம்.

தம்பிக்கு நிச்சயம் வச்சிருக்கோம். பய கப்பல்ல தேர்ட் எஞ்சினியர். தூத்துக்குடியில தெருவுக்கு நாலு பேர் கப்பல்ல இருப்பாங்க, அதில் இவனும் ஒருத்தன். பனிமய மாதா திருவிழா முடிஞ்ச அடுத்த வாரம் தேதி. அவன் சைன் ஆஃப் ஆகி ஊர் வந்து சேர்றதுக்கும் நிச்சயத்துக்கும் நடுவில் மூணே நாள். அதனால நடுக்கடல்ல இருந்து போன் போட்டு, "ண்ணே, மோதிரத்த நீயே பாத்து எடுத்துரு. வைரம் வச்சது. ஒரு லட்சத்துக்குள்ள. கல்லு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்"னான். அதோட லைன் கட். சிக்னல் போச்சா, நான் ஏதாவது கேட்டுருவேன்னு அவனே வச்சுட்டானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

எனக்கு வேலை துறைமுகத்துல கிளியரிங் ஆபீஸ்ல. கண்டெய்னரைப் பத்திக் கேட்டா நாலு பதிவு போடுவேன். வைரத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம், எங்கம்மா கையில ஒண்ணு இருக்கு என்பதுதான்.

தங்கமணி முதல்ல ஒரு யோசனை சொன்னாங்க. "முத்துநகர்க்காரங்க முத்து வச்ச மோதிரம் போடாம வைரத்துக்கு எதுக்கு அலையணும்?" நல்ல கேள்வி. ஆனா இப்போ எங்க ஊர்ல முத்துன்னா சென்னைக்குப் போற ரயில்தான் :-) கடைசியா பாருக்குப் போய் முத்துக் குளிச்சது 1961-ல. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தோட தூத்துக்குடி மையத்துல சிப்பிக்குள்ள முத்து வளர்த்துக் காட்டினாங்க, இந்தியாவுலயே அதுதான் முதல். அது பெரிய தொழிலா வளரலை. போகட்டும், கடையில முத்து கிடைக்காமலா இருக்கு. பிரச்னை வேற. பொண்ணு நர்ஸ். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்பு, எத்தனை தடவை சானிடைசர். முத்து ரொம்ப மென்மையான சமாச்சாரம், நகத்தை விடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். வேர்வை, சென்ட், ஸ்பிரிட் எல்லாமே அதுக்கு ஆகாது. கழுத்துல காதுல போடலாம். தினம் போடுற மோதிரத்துக்கு லாயக்கில்லை. முத்து அவுட்.

இதையெல்லாம் கேட்டுட்டு இருந்த அம்மா தன் கையை நீட்டினாங்க.

"புது மோதிரம் எதுக்குல வாங்கணும்? இந்தா, எங் கையில கெடக்கத அந்தப் பிள்ளைக்கு அளவு மாத்திக் குடு. இந்தா பெரிய கல்லு இப்ப எவன் வாங்க முடியும்?"

அந்த மோதிரத்தைப் பத்திச் சொல்லணும். 1986-ல் வீட்டுக்கு காங்கிரீட் போட அம்மாவோட வளையல் ரெண்டும் அடகுக்குப் போச்சு. வட்டி கட்ட முடியாம மூழ்கியும் போச்சு. அப்பா துறைமுகத்துல வின்ச் டிரைவர். அடுத்த வருஷம் பி.எஃப்.ல லோன் போட்டு, யார்கிட்டயும் சொல்லாம, இந்த ஒத்தக் கல் மோதிரத்தை வாங்கிட்டு வந்து சோத்துத் தட்டுப் பக்கத்துல வச்சாராம். வளையலுக்கு பதிலா. தெருவுல அப்போ அவ்வளவு பெரிய கல் யார் கையிலயும் கிடையாது. அப்பா 2011-ல் போயிட்டார். அம்மா அதைக் கழட்டினதா எனக்கு ஞாபகமே இல்லை. அதைத்தான் குடுக்கிறேன்னாங்க. எனக்குப் பேச்சு வரலை. (பட்ஜெட் மிச்சம்னு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷமும் வந்துச்சு. பொய் சொல்லக்கூடாது.)

இருந்தாலும் நாலு கடை பார்த்து வைப்போமேன்னு டபிள்யூ.ஜி.சி. ரோட்டுல ஏறி இறங்கினேன். முதல் கடையில ஒரு பையன், "என்ன கட் பாக்கீங்க சார்? ரவுண்டா, பிரின்சஸா, ஓவலா, எமரால்டா?"ன்னான். நான் பாட்டுக்கு "நல்ல கட்டா பாரு தம்பி"ன்னேன். தங்கமணி தலையில அடிச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சதுல புரிஞ்சது இதுதான். அந்தப் பையன் சொன்னதெல்லாம் வடிவம். வட்டம், சதுரம், முட்டை. அது அவங்கவங்க ஆசை. நிஜமான கட்டிங்ங்கிறது கல்லோட பட்டைகள் எந்தச் சாய்வுல, எவ்வளவு ஆழத்துல தீட்டியிருக்குங்கிறது. வட்டக் கல்லுக்கு 57 பட்டை, அடி முனையிலயும் ஒண்ணு சின்னதா தீட்டியிருந்தா 58. வைரம் மின்னுறது அது வைரம்ங்கிறதால மட்டும் இல்லை. மேல வழியா உள்ள போற வெளிச்சம், அடிப்பக்கத்துப் பட்டைகள்ல ஒரு தடவை மோதி, எதிர்ப்பக்கம் இன்னொரு தடவை மோதி, திரும்ப மேல வழியாவே நம்ம கண்ணுக்கு வரணும். சாய்வு தப்பினா வெளிச்சம் அடி வழியா ஒழுகிரும். ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தின கதை.

வெளிச்சம் எதுக்கு மோதித் திரும்பணும், கண்ணாடி மாதிரி ஊடுருவிப் போக வேண்டியதுதானேன்னு எனக்கு சந்தேகம். அதை எனக்குத் தெளிவு பண்ணினது இன்டர்நெட் இல்லை, எங்க பெரியப்பா.

பெரியப்பாவுக்கு 80 தாண்டிருச்சு. 1961 முத்துக்குளிப்புல பையனா தோணியில நின்னு கயிறு இழுத்தவர். அப்புறம் ரொம்ப வருஷம் சங்கு குளிச்சார். காது ரெண்டும் மந்தம், கத்தித்தான் பேசணும். நான் கத்தி முடிச்சதும் சிரிச்சார்.

"ஏலே, நீ முயல் தீவுப் பக்கம் முங்கியிருக்கியா? ஏழெட்டு பாகம் கீழ போயி மல்லாந்து மேல பாரு. தலைக்கு நேர வட்டமா ஒரு ஜன்னல் கணக்கா வெளிச்சம் தெரியும். தோணி, வானம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளதான். அதுக்கு அங்குட்டு கடல் மேல்பக்கம் பூரா ரசம் பூசின கண்ணாடிதான். கீழ கெடக்க மண்ணுதான் அதுல தெரியும்."

அவ்வளவுதாங்க விஷயம்! தண்ணிக்குள்ள இருந்து கிட்டத்தட்ட 48 டிகிரிக்கு மேல சாஞ்சு போற வெளிச்சம் வெளிய போகாது, கண்ணாடியில பட்ட மாதிரி திரும்பிரும். வைரத்துக்கு அந்த ஜன்னல் ரொம்பச் சின்னது, 24 டிகிரி சொச்சம்தான். அதனால உள்ள வந்த வெளிச்சத்தைச் சிறை பிடிச்சு நாம சொல்ற பக்கம் திருப்பி அனுப்புறது வைரத்துல சுலபம், அடிப்பட்டைகளைச் சரியான சாய்வுல வச்சா. எட்டாங்கிளாஸ்ல பிசிக்ஸ் வாத்தியார் போர்டுல படம் போட்டு முழு அக எதிரொளிப்புன்னு சொன்னப்ப புரியாதது, பெரியப்பா திண்ணையில புரிஞ்சுது.

அந்தச் சாய்வைக் கணக்குப் போட்டு எழுதினவர் மார்செல் டோல்கோவ்ஸ்கின்னு ஒருத்தர். பெல்ஜியத்து வைரத் தொழில் குடும்பம், படிச்சது எஞ்சினியரிங். 1919-ல் புத்தகமாவே போட்டார். வட்டக் கல்லுக்கு அடிப்பக்கச் சாய்வு 40.75 டிகிரி, மேல்பக்கம் 34.5. இன்னிக்கும் அதை ஒட்டித்தான் தீட்டுறாங்க. அமெரிக்காவுல இருக்கிற ஜி.ஐ.ஏ. 2006-ல வட்டக் கல்லோட கட்டிங்குக்கு எக்ஸலன்ட்ல ஆரம்பிச்சு புவர் வரைக்கும் மார்க் போட ஆரம்பிச்சாங்க. சர்டிபிகேட்ல மத்ததை விட்டுட்டு முதல்ல அந்த வரியைப் பாருங்க.

சரி, எப்படித் தீட்டணும்னு தெரிஞ்ச அப்புறமும் ஏன் தப்பாத் தீட்டுறாங்க? எடை. பாறையில இருந்து வர்ற கல்லைச் சரியாத் தீட்டினா பாதிக்குப் பாதி பொடியாப் போயிரும். விலையோ எடைக்கு. ஒரு காரட்டுன்னா 200 மில்லிகிராம், 100 சென்ட். 48 சென்ட் கல்லுக்கும் 50 சென்ட் கல்லுக்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது, விலையில ஒரு தாவு தாவும். அப்போ தீட்டுறவன் என்ன பண்ணுவான்? கொஞ்சம் ஆழமா விட்டு எடையை நிறுத்துவான். இல்லைன்னா தட்டையா, அகலமா விட்டு, பார்க்கப் பெருசா காட்டுவான்.

ஆழம் கூடினா கல் நடுவுல ஆணித்தலை மாதிரி கருப்பாத் தெரியும், ஆங்கிலத்துலயும் அதே பேர்தான் வச்சிருக்காங்க. (நம்ம ஊர்ல ஆணிமுத்துன்னா உசத்தி, வைரத்துல ஆணி விழுந்தா மட்டம்!) தட்டையா இருந்தா விளிம்போட நிழல் உள்ள வட்டமா சாம்பல் கலர்ல விழும். அதுக்கு மீன்கண்ணுன்னு பேர். சந்தையில அழுகின மீனோட கண்ணைப் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

எடைக்கு ஆசைப்படுறது இன்னிக்கு நேத்து கதை இல்லை. பெரியப்பா காலத்துக்கும் முன்னால இருந்து இங்க முத்தை பத்துப் பித்தளைச் சல்லடையில சலிச்சிருக்காங்க. முதல் சல்லடையில 20 ஓட்டை, கடைசியில 1000 ஓட்டை. அப்புறம் உருட்சி, ஒளி பார்த்து கண்ணால தரம் பிரிச்சு, மஞ்சாடி எடை போட்டு, எடையை எடையாலயே பெருக்கி விலை கட்டுவாங்க. ரெண்டு மடங்கு எடைன்னா நாலு மடங்கு விலை. 17-ம் நூற்றாண்டுல இந்தியா வந்த தவெர்னியே வைரத்துக்கும் இதே பெருக்கல் கணக்கைத்தான் எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. பெரியப்பா சொன்ன மாதிரி, "முத்து பொறக்கும்போதே முடிஞ்சு போன சரக்கு. அதுல ஒருத்தன் கை வைக்க முடியாது." சிலப்பதிகாரத்துல ஊர்காண் காதையில மதுரை ரத்தினக் கடைத்தெரு வருதே, அங்கயும் வைரத்துக்குக் குறை சொல்லும்போது கீறல், கறை, புள்ளின்னு கல்லோட பிறவிக் குறையைத்தான் சொல்றாங்க. கட்டிங் குறை மட்டும்தான் மனுஷன் தெரிஞ்சே செய்யறது.

இவ்வளவும் படிச்ச மிதப்புல அம்மா மோதிரத்தை எடுத்துட்டு ஆசாரிகிட்ட போனேன். பழைய கால வேலை. கல்லுக்குப் பின்பக்கம் தங்கத்தால மூடி, உள்ள பளபளன்னு ஒரு தகடு. அளவு மாத்தும்போது கல்லையும் கழட்டி சுத்தம் பண்ணிரலாம்னார். கழட்டினார். எடை போட்டார். 62 சென்ட். "பலே"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம கல்லைக் கவுத்தி, மேஜையில கிடந்த தினத்தந்தி மேல வச்சார்.

கல்லுக்குள்ள எழுத்தோட கருப்பு ஒரு கீத்தாத் தெரிஞ்சுது.

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. நல்லா தீட்டின வைரத்தைக் கவுத்தி வச்சா அடியில இருக்கிறது தெரியக்கூடாதுன்னு முந்தின ராத்திரிதான் படிச்சிருந்தேன். "டூப்ளிகேட்டா?"ன்னு கேக்கிறதுக்குள்ள தொண்டை அடைச்சிருச்சு. அவர் பேனா மாதிரி ஒரு மிஷினை எடுத்து கல்லுல வச்சார். பீப்னு கத்துச்சு.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. கல்லு நெச வைரந்தான். வெட்டுதான் சரியில்ல. தட்டையா அடிச்சிருக்கான். அகலத்தப் பாருங்க, ஆறு மில்லி பக்கம் வருது. முக்கால் காரட்டு கணக்கா தெரியும். பின்னால தகடு வச்சு மூடினதால இத்தன வருசம் கண்ணுக்குத் தெரியல."

இடுக்கியில பிடிச்சு வாசல் வெளிச்சத்துல காட்டினார். நடுவுல சாம்பல் வளையம். மீன்கண்ணு.

திரும்பத் தீட்டலாமான்னு கேட்டேன். சூரத்துக்கு அனுப்பணும், 15 சென்ட்டுக்கு மேல பொடியாப் போகும், உடையாதுன்னு எழுதித் தர முடியாதுன்னார். இதே மாதிரி மூடி வச்சுத் தரவான்னு கேட்டார். கல்லைப் பொட்டலமா மடிச்சுக் கொடுக்கச் சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல அம்மா கேட்டாங்க. "கல்லு லேசா ஆடுது, ஆசாரி ரெண்டு நாள் ஆகும்னார்"னு புளுகிட்டேன்.

ரெண்டு நாள் நாலு நாளாச்சு. பைக் பெட்டியில அந்தப் பொட்டலத்தை வச்சுக்கிட்டு ஆபீஸ் போயிட்டு வந்துட்டு இருந்தேன். எனக்கு அப்பா மேலதான் கோவம் கோவமா வந்துச்சு, அது ஏன்னு கேட்டா பதில் இல்லை. அவர் வாங்கின கடை இப்போ இல்லை. அன்னிக்கு சர்டிபிகேட் கேக்கிற வழக்கமும் யாருக்கும் தெரியாது. ஒரு வின்ச் டிரைவர் கடைக்குள்ள போய், இருக்கிறதுலயே பெரிய கல் எதுன்னு கேட்டிருப்பார். எடுத்துக் குடுத்திருப்பாங்க. நானும் முதல் கடையில அதைத்தானே கேட்டேன், தம்பியும் அதைத்தானே சொன்னான்.

மூடி வச்சு அப்படியே குடுத்துரலாம், யாருக்கும் தெரியப் போறதில்லைன்னு தங்கமணிகிட்ட சொன்னேன். "அந்தப் பொண்ணு என்னிக்காவது ஒரு நாள் சுத்தம் பண்ண எங்கயாவது குடுப்பா. அப்ப யார் சொன்னாலும் அத்தை பேர்தான் கெடும். சொல்லிருங்க"ன்னாங்க.

அஞ்சாவது நாள் சொல்லிட்டேன். சாய்வு, வெளிச்சம், பெரியப்பாவோட ஜன்னல் எல்லாம் விளக்கினேன். அம்மா எதையும் கேட்டதாத் தெரியலை.

"அப்ப உங்கப்பா ஏமாந்துட்டாருங்க?"

"ஏமாறலைம்மா. வைரம் நெசம், எடையும் சரி. கட்டிங்தான்..."

"நாப்பது வருசமா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இதப் போட்டு ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அதோட எந்திரிச்சுப் போயிட்டாங்க. ரெண்டு நாள் என்கிட்ட பேச்சில்லை. சோறு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. சொன்னது தப்போன்னு இருந்துச்சு. இப்பவும் முழுசா சரின்னு சொல்ல மாட்டேன்.

மூணாம் நாள் காலையில, "அந்தப் பிள்ளைக்கு எது நல்லாருக்குமோ அத எடுங்க. நானும் வாரேன்"னாங்க.

கடையில லேப்ல வளர்த்த வைரமும் காட்டினாங்க. அதுவும் வைரம்தான், விலை ரொம்பக் கம்மி, வெறுங்கண்ணால வித்தியாசம் சொல்ல முடியாது. எனக்கு சம்மதம். தம்பி போன்ல வேண்டாம்னுட்டான். சரி, அவன் காசு. எக்ஸலன்ட் கட்டிங்ல 31 சென்ட் ஒண்ணு எடுத்து வச்சாங்க. அகலம் நாலரை மில்லி கூட வராது. தங்கம் விக்கிற விலையில பாதிப் பணத்தை மோதிரமே தின்னுரும், அதுக்கு மேல பெரிய கல்லுக்குப் போனா கட்டிங்ல இறங்கணும்.

கடை விளக்கு கீழ வச்சு எதையும் பார்க்காதீங்க. அந்த வெளிச்சத்துல கண்ணாடிச் சில்லு கூட மின்னும். நான் பையன்கிட்ட கேட்டு, வாசப்படிப் பக்கம் நிழல்ல ரெண்டு கல்லையும் பக்கத்துல பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள்ல வச்சேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தாங்க. பெருசு சோம்பலா, கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்துச்சு. சின்னது தாளை லேசா அசைச்சாலே கருப்பும் வெள்ளையுமா துடிச்சுது.

"சின்னதுதாம்ல முழிச்சிருக்கு"ன்னாங்க.

அதையே எடுத்தோம். அந்தப் பொண்ணு தங்கமணிக்கு போன் பண்ணி, "அக்கா, கல்லு தூக்கலா வேண்டாம், கிளவுஸ் கிழிஞ்சிரும்"னு சொல்லியிருந்தா. அதனால கொக்கி வச்ச மாடல் இல்லாம, கல்லைச் சுத்தித் தங்கப் பட்டி வர்ற மாதிரி, தணிவா செய்யச் சொன்னோம். கொஞ்சம் சின்னதாத் தெரியும். தெரியட்டும்.

வர்ற வழியில ஆசாரி கடையில வண்டியை நிறுத்தச் சொன்னாங்க அம்மா. நான் பொட்டலத்தை எடுத்துக் குடுத்தேன். ஆசாரி, "அம்மா, இப்ப எல்லாரும் பின்னால திறந்துதான் வைக்காங்க. சுத்தம் பண்ணவும் லேசு"ன்னு ஆரம்பிச்சார்.

"வேண்டாம். முன்னால இருந்த மாதிரியே மூடி வைங்க. தகடு மட்டும் புதுசு போடுங்க."

நாலு நாள் கழிச்சுப் போய் வாங்கிட்டு வந்தேன். விரல்ல போட்டு ரெண்டு தடவை திருகி சரி பண்ணிட்டு, அடுப்புல மீன் குழம்பு கொதிக்குதுன்னு உள்ள போயிட்டாங்க. தம்பியோடது பீரோவுல இருக்கு. போட்டோ அனுப்பினேன். "இவ்வளவு சின்னதா?"ன்னு கேட்டிருக்கான். ஊருக்கு வரட்டும், பெரியப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன்.